அச்சடித்த தாய்மாமன்

இரண்டு வாரம் தங்கிக்கொள்ளட்டும் என்று கார்த்திகை மாதம் உள்ளே விட்ட ஆள், வைகாசியே முடியப் போகிறது, இன்னும் கீழ் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் பழனிக்குமார். அந்தப் பெயரைச் சொன்னாலே பஞ்சவர்ணத்துக்கு நாக்கு கசக்கிறது.

திண்டுக்கல் நாகல் நகரில் நல்லுசாமி, பஞ்சவர்ணம் தம்பதியின் வீடு. மாடியில் ஒற்றை அறையில் இவர்கள். கீழ் வீடு வாடகைக்கு. மூன்று வருடம் அங்கே குடியிருந்த தையல்காரர் வேலுசாமி, திருப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "என் மச்சினன் ரெண்டு வாரம் இருந்து சாமானை ஏத்தி அனுப்பிருவாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாமான் போய்ச் சேர்ந்தது. மச்சினன் போகவில்லை. வேலுசாமியின் செல்போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

காலி பண்ணச் சொன்னபோதெல்லாம் பழனிக்குமார் பஞ்சாங்கம் பேசினான். "மார்கழியில யாராச்சும் வீடு மாறுவாங்களாம்மா?" என்றான். மாசி ஆகாது என்றான். பங்குனி சொல்லவே வேண்டாம் என்றான். சித்திரையில் கத்திரி வெயில் வந்து அவனுக்குக் கைகொடுத்தது. வருடத்தில் பாதி மாதம் குடிபோக ஆகாது, மீதி மாதம் அவனுக்கு ஆகாது. ஒருநாள்கூட அவன் சாமி கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

தை மாதத்தை விட்டுவிட்டேன் என்கிறீர்களா? விடவில்லை. அந்தத் தை மாதத்தில்தான் இந்தக் குடும்பம் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது.

ஒரே மகள் தீபாவின் குழந்தை சஷ்டிகாவுக்கு அப்போது காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தீபாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. சேவுகம்பட்டியில் பெரியப்பா மகன் இருக்கிறான், முறைப்படி மணையில் அவன்தான் உட்கார வேண்டும். ஆனால் அவனுக்கும் நல்லுசாமிக்கும் போர்வெல் தகராறு.

"அவன் வந்து உக்காந்தா நான் மண்டபத்தை விட்டுப் போயிருவேன். ஏன், நம்ம வீட்டுலயே ஒரு பய இருக்கான்ல?" என்று குதித்தார் நல்லுசாமி. வெங்காய மண்டியில் முப்பது வருடமாக மூட்டையை எடை போடுகிற மனிதர். ஆளை எடை போடத் தெரியவில்லை.

பழனிக்குமார் மணையில் உட்கார்ந்தான். சீர்த்தட்டு நல்லுசாமி வாங்கியது. கிடா நல்லுசாமி பிடித்தது. அவன் கட்டியிருந்த பட்டு வேட்டிகூட நல்லுசாமி எடுத்துக் கொடுத்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம் மட்டும் அவனுக்கு. பத்திரிகையில் "தாய்மாமன்: ப. பழனிக்குமார்" என்று கொட்டை எழுத்தில் அடித்தார்கள். அச்சகத்தில் விலாசம் கேட்டிருக்கிறார்கள். நம் புத்திசாலி நல்லுசாமி கீழ் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

போகட்டும். இன்றைக்கு வருவோம்.

இன்று வியாழக்கிழமை, வைகாசியின் கடைசி முகூர்த்தம். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் அந்தக் கீழ் வீட்டில் தீபா பால் காய்ச்சியாக வேண்டும். அவள் நத்தத்தில் வாக்கப்பட்டவள். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும். படித்து முடித்து ஐந்து வருடம் அடுப்படியில் நின்ற பிறகு கிடைத்த வேலை.

மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். "தனியா போறதுன்னா வைகாசிக்குள்ள பாலைக் காய்ச்சிட்டுப் போ. ஆனி, ஆடியில என் மகன் வீட்டைவிட்டுக் கிளம்பப்படாது. வைகாசி தாண்டுச்சுன்னா அப்புறம் வேலை கீலைன்னு பேச்சே எடுக்கப்படாது."

மாடியில் தங்கலாமே என்றால் மாப்பிள்ளை அஜித் ஒப்பவில்லை. மாமனாரோடு ஒரே கூரைக்குள் இருந்தால் வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்குமாம். கீழ் வீடு என்றால் வாடகை கொடுத்து இருப்பானாம். "அந்த ஆளு காலி பண்ணுனதும் சொல்லு, வாரேன்" என்று நத்தத்து மாந்தோப்பில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டான். காலி பண்ணுவது யார் வேலை? அதை அவன் சொல்லவில்லை.

அதனால் இன்று காலை எட்டரைக்கே பஞ்சவர்ணம் புருஷனைத் தள்ளிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தாள். பழனிக்குமாரையும் வரச் சொல்லியிருந்தார் எஸ்.ஐ. அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அக்குளில் ஒரு சுருளோடு வந்தான்.

"ஏம்மா, இவரு யாரு?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"யாருன்னே தெரியாது சார். குடியிருந்தவரோட மச்சினன். ரெண்டு வாரம்னு வந்தவன், கிளம்ப மாட்டேங்கிறான்."

 பழனிக்குமார் சுருளைத் தரையில் விரித்தான். காதுகுத்து ஃப்ளெக்ஸ்! கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி அவன், பக்கத்தில் மொட்டைத் தலையோடு சஷ்டிகா, மேலே நல்லுசாமியும் பஞ்சவர்ணமும் ரோஜாப்பூ வளையத்துக்குள் சிரித்துக்கொண்டு. அதன்மேல் பத்திரிகையையும் எடுத்து வைத்தான்.

எஸ்.ஐ. நிதானமாகப் படித்தார். "யாருன்னே தெரியாதவரையா தாய்மாமன்னு மணையில உக்கார வச்சீங்க?"

பஞ்சவர்ணம் புருஷனை முறைத்தாள்.

"சொந்த அண்ணனை வெளிய போன்னு சொல்றாக சார்" என்று குரலைத் தழுதழுக்க வைத்தான் அவன். "தங்கச்சி பிள்ளைய இந்த மடியில வச்சுத்தான் சார் காது குத்துனாக. வலி தாங்காம அது என் சட்டையிலதான் சார் மூக்கைச் சிந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, துடைத்தது மட்டும் சுத்தமாகத் துடைத்தான்.

"சார், அது சும்மா... ஒரு முறைக்கு..." என்று இழுத்தார் நல்லுசாமி.

"முறைதான்யா எல்லாம்" என்றார் எஸ்.ஐ. "ஒப்பந்தம் வேலுசாமி பேருல இருக்கு. அதுவும் மாசியோட முடிஞ்சிருச்சு. இவரு விலாசம் அந்த வீடுதான்னு நீங்களே அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க. குடும்பத் தகராறும்மா. கோர்ட்ல பாத்துக்கங்க. நான் கை வைக்க முடியாது."

வெளியே வந்தார்கள். பழனிக்குமார் பைக்கை உதைத்துக் கிளப்பி அருகில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அப்பா, வீட்டுக்குத்தான? ஏறுங்க, விட்டுடறேன்."

நல்லுசாமி பழக்க தோஷத்தில் ஒரு காலைத் தூக்கிவிட்டார். பஞ்சவர்ணம் பார்த்த பார்வையில் அந்தக் கால் தானாகக் கீழே இறங்கியது.

"நீரெல்லாம் ஒரு மனுசன்!" என்றாள். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள்.

வாசலில் குட்டியானை லாரி நின்றது. கட்டில், பீரோ, சிலிண்டர், பாத்திர மூட்டை. டிரைவர் பக்கத்தில் மடியில் குழந்தையும் கையில் பால் தூக்குவாளியுமாக தீபா. போலீஸ் அவனைக் கிளப்பிவிடும் என்று நம்பிச் சாமானை ஏற்றி வந்துவிட்டாள். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு சர்புன்னிசா படியில் நின்று, "பிள்ளை வந்து அரை மணி நேரமாச்சு, எங்கக்கா போனீக?" என்று குரல் கொடுத்தாள்.

"போலீஸ் என்னம்மா சொன்னாங்க?" என்றாள் தீபா.

"என்னத்தச் சொன்னாரு. அவன் உனக்கு அண்ணனாம். குடும்பத் தகராறாம்."

தீபா இறங்கவில்லை. கீழ் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் அவனுடைய பனியன் காய்ந்துகொண்டிருந்தது. பைக்கில் முந்தி வந்து சேர்ந்தவன் உள்ளே டி.வி. வைத்திருந்தான்.

"மணையில அவன் மடியில பிள்ளைய வச்சுட்டு நிமிர்ந்தப்ப, எனக்கும் ஒருத்தன் இருக்கான்னு நெனச்சு அழுதேன்மா" என்றாள். "அம்புட்டுப் பேரு முன்னாடி அழுதேன். அதை நெனச்சா என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு."

"சரி விடுடி. ஆவணி வரைக்கும் பொறுத்து..."

"ஆவணி வரைக்கும் ஆஸ்பத்திரியில எனக்காக நாற்காலியத் துடைச்சு வச்சுக் காத்துக்கிட்டு இருப்பாங்களா?" குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "அண்ணன்னா அண்ணன்தான்மா. அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி வாரதுக்கு யாரு தடை? டிரைவர் அண்ணே, இறக்குங்க சாமானை."

"அடியே! ஒரு ஆம்பள இருக்குற வீட்டுலயா?"

"ஊரைக் கூட்டி, மைக்கு செட்டு போட்டு, அண்ணன்னு சொன்னீகள்ல? இப்ப என்ன ஆம்பள?"

 

தீபா கதவைத் தட்டினாள். டி.வி. சத்தம் நின்றது. கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது.

"என்ன தங்கச்சி?"

"வந்துட்டேண்ணே."

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். செத்த வழி விடு, நல்ல நேரம் போயிரும்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெருவில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். காதுகுத்து முடிந்ததிலிருந்து டீக்கடையிலும் சலூனிலும், "மாடி வீட்டுக்காரரு எனக்கு அப்பா முறை, தீபா என் தங்கச்சி" என்று அவனே யார் யாரிடம் பீற்றிக்கொண்டானோ, அத்தனை பேர் வீட்டுப் பெண்களும் அங்கே நின்றார்கள்.

"அல்லாவே! கூடப்பொறந்தவ பாலும் பிள்ளையுமா நிக்கிறா, வாசல்ல நிறுத்தி விசாரிக்கிற அண்ணனை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் சர்புன்னிசா. "விலகுங்க தம்பி. என்ன, உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீகளா?"

தெரு சிரித்தது. பழனிக்குமார் விலகினான்.

உள்ளே நுழைந்ததும் பஞ்சவர்ணம் மூக்கைப் பொத்தினாள். பரோட்டா கட்டி வந்த இலைகள் ஜன்னல் ஓரம் காய்ந்து கிடந்தன. வீட்டுமனை விற்பனை நோட்டீஸ் கட்டுக்கட்டாகச் சுவரோரம் இருந்தது; ஒரு மனையையாவது விற்றானா என்று கடவுளுக்குத்தான் தெரியும். சமையல் மேடையில் அவள் வீட்டுக் கிண்ணங்கள் ஏழெட்டு. குழம்பும் வெஞ்சனமும் கொடுத்துவிட்ட கிண்ணம் எதுவும் மாடிக்குத் திரும்பியதில்லை. "எச்சக்கலை" என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்தாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பால் பொங்கியது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, தீபா டம்ளர்களில் ஊற்றினாள். முதல் டம்ளருக்கு நீண்டது பழனிக்குமாரின் கை.

"சீனி கொஞ்சம் தூக்கலா போடு தங்கச்சி."

பஞ்சவர்ணத்துக்கு அந்தப் பாலை அவன் மூஞ்சியில் ஊற்றலாம் போல வந்தது. தீபா ஒரு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் வரை கட்டிலைப் பூட்டினார்கள், பீரோவை நகர்த்தினார்கள். கூடம் முழுக்க தீபாவின் சாமான். பழனிக்குமார் தன் அறை வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கெட் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. சஷ்டிகா மட்டும் "மாமா, மாமா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

பஞ்சவர்ணம் சோறு எடுத்துவர மாடிக்குப் போன நேரம் பார்த்து அவன் சமையலறை வாசலுக்கு வந்தான். குரல் மாறியிருந்தது.

"நல்லாத்தான் வெளையாடுற. எத்தனை நாளைக்கு?"

"வேலையில சேந்து ரிட்டையர் ஆகுற வரைக்கும்."

"எனக்கென்ன வந்துச்சு? நான் பாட்டுக்கு ரூம்ல படுத்துக்கிருவேன். பொம்பளப் பிள்ளை நீ. உன் புருசன் என்ன சொல்லுவான், மாமியா என்ன சொல்லுவா, யோசிச்சியா? பேரு கெட்டுப்போகும்."

தீபா வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "தங்கச்சி பேரு கெட்டுரும்னு அண்ணனே வந்து சொல்றியே, உனக்கு நாக்கு கூசலையா? த்தூ!"

அவன் சிரித்தான். நாக்கு கூசுகிற ஆளாக இருந்தால் மார்கழியிலேயே போயிருப்பானே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் பேசினான். யாருக்கு என்று அப்போது தீபாவுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிந்தது.

அஜித்தின் பைக் வாசலில் வந்து நின்றது. மாங்காய்ப் பால் கறை படிந்த சட்டையோடு அப்படியே கிளம்பி வந்திருக்கிறான். இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை.

"தீபா! வெளிய வா."

அவள் நிலைப்படிக்கு வந்தாள். "வாங்க. பால் காய்ச்சியாச்சு. நேரத்துக்குள்ள பொங்கிருச்சு."

"உள்ள அந்த ஆளு இருக்கானா இல்லையா?"

"இருக்கான்."

"அவன் இருக்குற வீட்டுக்குள்ள நீ எப்படிப் போன? எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்? பைய எடு. பிள்ளைய எடு. போவோம்."

"திங்கக்கெழமை வேலையில சேரணும்ங்க."

"வேலையும் வேணாம், மயிரும் வேணாம். ஏறு வண்டியில."

மாடிப்படியில் பஞ்சவர்ணம் நின்றாள். அவளுக்கு மேல்படியில் நல்லுசாமி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.  மாப்பிள்ளை முன்னால் வாயைத் திறக்காமலே ஐந்து வருடம் பழகிவிட்டார்கள்.

அப்போதுதான் பழனிக்குமார் வெளியே வந்தான். குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, தோளில் துண்டு போட்டிருந்தான். ஏழு மாதத்தில் அவன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகாமல் ஒருநாளும் தெருவுக்கு வந்ததில்லை. இன்று உள்ளே தங்கச்சி சாமான் பரப்பிக்கொண்டிருக்கும்போது எதைப் பூட்டுவான்? அதோடு, இன்னும் பத்து நிமிடத்தில் அவள் பைக்கில் ஏறிவிட்டால் வீடு மறுபடியும் அவனுக்குத்தான். அந்த நினைப்பில் தீபாவைக் கடந்து, படி இறங்கி, நேராக அஜித்திடம் போய் அவன் தோளில் கை போட்டான்.

"மாப்ள, வாசல்லயே நிக்கிறீகளே. நான்தான் போன் போட்டேன், கோவிச்சுக்கிறாதீக. நீங்க சொல்றதுதான் ஞாயம். வாக்கப்பட்ட எடத்துலதான் பொம்பளைக்கு மருவாதி. தங்கச்சிக்குச் சின்ன வயசு, புத்தி பத்தாது. தாய்மாமன்ங்கிற முறையில நானே பேசி அனுப்பி வைக்கிறேன்."

அஜித் அந்தக் கையைத் தட்டிவிடுவான் என்று பஞ்சவர்ணம் காத்திருந்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"பாரு" என்றான் தீபாவிடம். "மச்சானுக்குப் புரியுது. உனக்குப் புரியல."

மச்சானாம்! தன் பெண்டாட்டி குடியிருக்க வேண்டிய வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறவன் மச்சானாம்! பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தோளைத் தட்டினால் போதும், இந்த ஆம்பளைகளுக்கு உறவு முளைத்துவிடுகிறது.

தீபா இருவரையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. சாணியில் கால் வைத்துவிட்டவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

"ஏழு மாசமா இவனை வெளிய அனுப்ப ஒரு வார்த்தை கேக்க வரல நீங்க" என்றாள் புருஷனிடம். "என்னை வெளிய இழுத்துட்டுப் போக மட்டும் ஒரே போனுல வந்துட்டீங்க."

அஜித் வாயைத் திறப்பதற்குள் அவள் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், இரண்டும் விழுந்தன.

பழனிக்குமாருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அஜித்தின் தோளிலிருந்து கை நழுவியது. ஓடிப்போய்க் கதவில் அறைந்தான்.

"ஏ தங்கச்சி! என் போனு, பர்ஸு எல்லாம் உள்ள இருக்கு! கதவைத் திற! ஏய், இது நான் இருக்குற வீடு!"

கூடிவிட்ட தெரு வேடிக்கை பார்த்தது. ஒருவரும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. பஞ்சவர்ணம் படியிறங்கி வந்து, அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, கதவுக்கு முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னொருக்கா கதவுல கைய வையி, பாக்கலாம்" என்றாள். என்றைக்கும் இல்லாமல் நல்லுசாமியும் இரண்டு படி கீழே இறங்கினார்.

அஜித் எஞ்சினை நிறுத்தினான். பைக்கை விட்டு இறங்கி ஜன்னலுக்குப் போனான். முகம் செத்துப் போயிருந்தது. இப்போது அவனுக்கு யார் மேல் கோபம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தீபா, நல்லாக் கேட்டுக்க. இந்தக் கதவை நீ இப்பத் திறக்கலேன்னா, நத்தத்து வீட்டுக் கதவு உனக்கு இனிமே எந்தக் காலத்துக்கும் திறக்காது. பத்து எண்ணுறேன். யோசிச்சுச் சொல்லு."

 பழனிக்குமார்கூட ஜன்னல் பக்கம் திரும்பினான்.

அஜித் நாலு வரைக்கும் எண்ணினான். அதற்குமேல் எண்ணியது யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்திருந்தது.